மருமகளின் தொண்டையும் என் ராஜினாமாவும்

அன்புள்ள மருமகளுக்கு,

மாமியார் அடுத்த அறையிலிருந்து எழுதிக்கொண்டது. இங்கே நான் நலம். நீயும் நலம்தான் என்பது கதவை நீ சாத்துகிற வேகத்திலேயே தெரிகிறது. வேலை விஷயம் எதுவானாலும் எழுத்தில் கொடுக்கச் சொல்லியிருக்கிறாய். அதன்படி, உன் மேனேஜர் வேலையை இன்றோடு ராஜினாமா செய்கிறேன்.

இந்த வேலையை நான் கேட்டு வாங்கவில்லை. முப்பத்தைந்து வருஷம் ஆஸ்பத்திரியில் நர்ஸாக ஓடியாடிவிட்டு, அப்பாடா என்று காலை நீட்டி உட்கார்ந்தவளிடம், "என் கச்சேரிக்குன்னு வர்ற போனை மட்டும் எடுங்க அத்தை, போதும்" என்று கெஞ்சியது நீ. எடுத்தேன். பிறகு எனக்குத் தெரிந்த விதத்தில்தானே எதையும் செய்ய முடியும்? டிரம்ஸ் வாசிக்கிறவர் இரண்டு முறை தும்மினார், உனக்கு ஒட்டிக்கொள்ளுமே என்று அவரைத் திரைக்குப் பின்னால் உட்காரவைத்தேன், ஆளே இல்லாமல் சத்தம் மட்டும் வருகிறதே என்று முன்வரிசைக் குழந்தை வீறிட்டு அழுதது, அதற்கும் பழி என் தலையில். வானொலிப் பேட்டியில் உன் குரலின் ரகசியத்தைக் கேட்டார்கள், நீ வெட்கப்பட்டுக்கொண்டு யோசித்தாய், நேரம் போகிறதே என்று நான்தான், "தினமும் காலையில வயிறு சுத்தமாப் போயிடும், அதான்" என்று உள்ளதைச் சொன்னேன். அது நேரடி ஒலிபரப்பு என்று யாராவது எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

சனிக்கிழமை நடந்ததற்கு மட்டும் முழுப் பொறுப்பும் என்னுடையதே. அரங்கம் நிறைந்த கூட்டம். உன்னை ஒப்பந்தம் செய்ய வந்த இசைக் கம்பெனிக்காரர் மூன்றாவது வரிசையில். நீ கடைசிப் பாட்டு என்று சொல்லியே மூன்று பாடிவிட்டாய், கூட்டம் இன்னொன்று கேட்டது, நீயும் சிரித்துக்கொண்டு தலையாட்டினாய், முதல் அடியிலேயே குரல் பிசிறியது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எப்படியோ கையில் டார்ச்சோடு மேடையில் நின்று, "ஆ காட்டு" என்றேன். மைக் எதிரிலேயே இருந்தது. தொண்டை செக்கச்செவேல் என்றிருந்தது. கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி, "டைம் முடிஞ்சிருச்சு, விசிட்டர்ஸ் எல்லாம் கெளம்புங்க!" என்றேன். எண்ணூறு பேரும் மூச்சுக் காட்டாமல் எழுந்து போனார்கள். கம்பெனிக்காரரும் ஒப்பந்தத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

உன் புருஷனிடம் நியாயம் கேட்டேன். "உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நான் வரலம்மா" என்று துணி துவைக்கப் போய்விட்டான். மூன்று நாளாக நீ என்னோடு பேசவில்லை. மாமியாருக்கு அது மனக்கஷ்டம். நர்ஸுக்குப் பரம திருப்தி. டாக்டர் இரண்டு மாதமாகத் தலைபாடாக அடித்துக்கொண்டும் நீ எடுக்காத ஓய்வு அது.

பயந்துவிட்டேன், அவ்வளவுதான். குரல் போனவர்கள் தண்ணீர் வேண்டும் என்பதைச் சீட்டில் எழுதிக் காட்டுவதை வார்டில் பார்த்திருக்கிறேன். உன்னை அப்படிப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. நாலு வருஷக் கைதட்டலோடு முடிந்துவிடாமல், நீ கிழவியான பிறகும் பாட வேண்டும் என்று ஆசைப்பட்டேன். ஆசைப்பட்டு வந்த வாய்ப்பையும் கெடுத்தேன். இனி விஷயம் தெரிந்த ஆளாகப் பார்த்து வைத்துக்கொள்.

குரலும் குடும்பமும் குறைவில்லாமல் நீ நெடுங்காலம் பாடியிருக்க என் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
முன்னாள் மேனேஜர், இந்நாள் மாமியார்

பி.கு.: இதைக் கதவுக்கடியில் தள்ளக் குனிந்தேன், போன் வந்தது. கம்பெனிக்காரர். "நீங்க சொன்னதும் நானும் எந்திரிச்சுப் போயிட்டேம்மா, ஏன்னு எனக்கே தெரியல" என்றார். வருஷத்துக்கு இருநூறு கச்சேரி வேண்டுமாம். ராஜினாமா செய்துவிட்டதைச் சொல்லத்தான் வாயெடுத்தேன். "அறுபதுக்கு மேல ஒண்ணுகூடக் கெடையாது. ஒவ்வொண்ணுக்கும் நடுவுல ரெண்டு நாள் ஓய்வு" என்று வந்துவிட்டது. அதற்கும் சரி என்றுவிட்டார். நீ பேச வேண்டாம், கையெழுத்து மட்டும் போடு. மேற்படி ராஜினாமா, உன் எழுபதாவது வயதில் நீ பாடி இறங்கிய மறுநாள் அமலுக்கு வரும். அப்போது எனக்கு நூற்றிரண்டு. அதற்குமேல் என்னால் முடியாது, இப்போதே சொல்லிவிட்டேன்.