மாமியின் முழங்காலுக்கு ஒரு கம்பு

என் தொப்பையை முதலில் நான் ஓர் அளவுப் பிழை என்றுதான் நினைத்தேன். அளவு நாடா சுருங்கியிருக்கலாம். புது நாடா வாங்கினேன். அதில் இன்னும் அரை அங்குலம் கூடியது.

நான் நீர்ப்பாசனக் கந்தோரில் படவரைஞன். வாய்க்கால் வளைவுகளைத் தாளில் இறக்குவது வேலை. மயிரிழை தப்பினாலும் தாளைக் கிழித்துவிட்டு மறுபடி வரைவேன். வீட்டிலும் அப்படித்தான். நாட்காட்டி சுவரில் சரிந்திருந்தால் எனக்குச் சோறு இறங்காது. செருப்பை வாசலில் இணைகோடாகக் கழற்றி வைப்பேன். இது ஒரு நோய், ஆனால் தொற்றாது என்ற தைரியத்தில் என் மனைவி ஹாஜறா பன்னிரண்டு வருடமாக என்னோடு குடும்பம் நடத்துகிறாள். அப்படிப்பட்டவனுக்கு, எண்பத்திரண்டாம் ஆண்டில், முப்பத்தொன்பதரை அங்குல இடுப்பு.

அந்த நேரத்தில்தான் புத்தகம் கைக்கு வந்தது. வாய்க்கால் திருத்த வந்திருந்த வெள்ளைக்கார இஞ்சினியர் ஊர் திரும்பும்போது ஒரு பெட்டிப் புத்தகங்களைக் கந்தோரில் விட்டுப்போனார். மேலே நீர்க்கணக்கு, கீழே கொங்கிரீட், நடுவில் அவருடைய மனைவியின் மெல்லிய புத்தகம் ஒன்று. படத்தில் சுவரோரமாக இடுப்புயரத்தில் ஒரு கம்பு. அதை ஒரு கையால் தொட்டபடி ஒரு பெண். பாலே நடனக்காரர்கள் பிடித்துப் பழகுகிற கம்பாம். அந்தப் பெண்ணின் உடையைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. எழுதுகிற அளவுக்கு அங்கே உடையும் இல்லை.

என்னைப் பிடித்தது எழுத்துத்தான். நம்பாவிட்டால் பரவாயில்லை. ஓடச் சொல்லவில்லை, குதிக்கச் சொல்லவில்லை. இரண்டு குதிகளையும் ஒட்டி வை. முழங்காலை ஓர் அங்குலம் மடக்கு. ஓர் அங்குலம் நிமிர்த்து. நாற்பது தரம். இடுப்பு அசையக்கூடாது. கம்பைத் தொடலாம், சாயக்கூடாது. தொடை நடுங்கினால் சரியாகச் செய்கிறாய் என்று அர்த்தம். உடற்பயிற்சியில் அங்குலக் கணக்குப் பேசிய ஓர் ஆளை வாழ்நாளில் அன்றுதான் கண்டேன். வெல்வதற்கு எதிராளி இல்லை. நேற்றைய பிழையை இன்று ஒரு நூலளவு திருத்தலாம். நாளைக்குத் திருத்த இன்னொரு நூல் மிச்சமிருக்கும். எனக்கென்றே எழுதியதுபோல இருந்தது.

புத்தகத்துக்குப் பிரவுண் தாளில் உறை போட்டேன். மூலைகளைச் சமமாக மடித்தேன். மேலே ‘நீர்ப்பாசன அட்டவணைகள், மூன்றாம் பாகம்’ என்று எழுதினேன். என் கையெழுத்து அழகானது. ஒரு பொய்யை அவ்வளவு அழகாக எழுதியதற்கு அன்றைக்கே வெட்கப்பட்டிருக்க வேண்டும்.

இனிக் கம்பு வேண்டும். காரைதீவுக்குச் சைக்கிள் மிதித்து, மரவேலை செய்கிற சாமித்தம்பி ஓடாவியிடம் போனேன். முதிரை மரம், ஏழடி நீளம், ஒன்றரை அங்குலக் கனம், நிலத்திலிருந்து முப்பத்தொன்பது அங்குல உயரத்தில் சுவரில் நிற்க வேண்டும் என்றேன். என்னத்துக்கு ஐயா என்று கேட்டார். மனிதர் தொழிலுக்காகக் கேட்டார். முப்பத்தெட்டு வயதில், மூன்று பிள்ளைகளின் வாப்பா என்ன பதில் சொல்வது? என் வெட்கமே வாயைத் திறந்து பதில் சொல்லிவிட்டது.

“மாமிக்கு. கிணத்தடியில வழுக்கி முழங்காலுக்கு ஏலா. பிடிச்சி நடக்கட்டும் எண்டு.”

மாமி வழுக்கியது உண்மை. மற்றது நான் சேர்த்தது.

“மாமி நல்ல ஒசரமோ ஐயா?” என்றார் ஓடாவி, அளவைத் திரும்பப் பார்த்து.

என் மாமி, ஹாஜறாவின் தாய் சரீபா உம்மா, நாலடி பத்து அங்குலம். ஓம் என்றேன்.

ஓடாவி தேநீர்க் கடையில் சொல்லியிருக்கிறார். நான் வீடு சேருமுன் செய்தி சேர்ந்துவிட்டது. ஹாஜறா வாசலில் நின்றாள். கண் கலங்கியிருந்தது. “உம்மாக்குக் கம்பு போடப் போறீங்களாமே. அல்லாஹ் ஒங்களுக்கு ஒரு கொறையும் வெக்கமாட்டான்” என்றாள்.

அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லாததற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போய்க் குடியிருப்பான். நான் இருப்பது ஹாஜறாவின் சீதன வீடு. முன்பாதியில் நாங்கள், பின்பாதியில் மாமி. பழைய குடும்பம், மாமி மருமகனுக்கு முன்னால் வரமாட்டார். மண்டபத்துக்கும் பின்பாதிக்கும் நடுவில் கதவு கிடையாது, ஒரு பூப்போட்ட திரைதான். பன்னிரண்டு வருடத்தில் நான் கண்டது திரைக்கு வெளியே நீளும் அவருடைய கையையும், கையிலிருக்கும் பீங்கானையும் மட்டும். என்னோடு கதைப்பதும் மகள் வழியாகத்தான். நான் பக்கத்திலேயே நின்றாலும் “மருமகனுக்குச் சொல்லு புள்ள, மீன் வந்திரிக்கி எண்டு” என்பார்.

ஆகவே நான் வீட்டில் இருக்கும் நேரம் மாமி மண்டபத்தில் கால் வைக்கமாட்டார். பகலில் கம்பு அவருக்கு. விடியற்காலைச் சுபஹுத் தொழுகை முடிந்த கையோடு எனக்கு. நல்ல மருமகன் என்ற பெயர் மேலதிகம். அவசரத்தில் சொன்ன பொய், வரைந்து பார்த்ததுபோல நேராக அமைந்துவிட்டது.

ஏழடிக் கம்புக்கு இடம் கொடுக்கிற சுவர் மண்டபத்தில் ஒன்றுதான் இருந்தது, திரைக்கு நேர் எதிரே. கம்பு ஏறிய அன்று ஹாஜறா அதன் பக்கத்தில் போய் நின்றாள்.

“இது உம்மாட நெஞ்சுக்கு வருகுதே.”

“நிமிர்ந்து பிடிச்சாத்தான் முழங்காலுக்கு நல்லம்.”

அவள் கம்பைப் பார்த்தாள். பிறகு என் தொப்புளைப் பார்த்தாள். இரண்டும் ஒரே மட்டத்தில் இருந்தன. தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனாள். அதை நான் நன்றி என்று எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் தொடங்கினேன். திரைக்கு முதுகைக் காட்டி, சாரனை ஒதுக்கிக் கட்டி, குதிகளைச் சேர்த்து, அங்குலம் அங்குலமாக மடங்கி நிமிர்ந்தேன். பன்னிரண்டாவது தரத்தில் தொடை நடுங்கியது. அந்த நடுக்கத்தில் எனக்கு வந்த சந்தோஷத்தை வெட்கமில்லாமல் சொல்ல முடியாது. ஹாஜறா வந்துவிடுவாளோ என்ற பயத்துக்கும் ஒரு வழி கண்டேன். குசினியில் அவள் தேங்காய் திருவும் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும்வரை எனக்கு ஆபத்தில்லை. சத்தம் நின்றால் நானும் நிற்பேன். ஆரம்பத்தில் ஒரு தேங்காய்க்கு இருபதுதான் முடிந்தது. போகப்போக அவள் இரண்டு தேங்காய் திருவினாள். நாற்பதும் முடிந்தது. கறியில் பால் மிதந்தது. இடுப்பு ஒரு நூல்கூடக் குறையவில்லை.

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து வெளியே வந்தபோது பள்ளிவாசல் நிர்வாகி அச்சிமுகம்மது மரைக்கார் என்னைக் கையில் பிடித்து நிறுத்தினார். மாமியை மதிக்கிறது எப்படியென்று இந்த மீராமுகைதீனிடம் படியுங்கள் என்று இளம் மாப்பிள்ளைமாருக்கு எடுத்துச் சொன்னார். மூன்று பேர் கம்பின் அளவு கேட்டார்கள். முப்பத்தொன்பது அங்குலம் என்று எழுதிக் கொடுத்தேன். வேறென்ன செய்வது? என் தொப்புளின் உயரத்தில் ஊரில் மூன்று மாமிமார் இன்றைக்கும் தொங்கிக்கொண்டிருக்கக்கூடும்.

வீட்டில் அதைவிட மோசம். வாரம் இரண்டு தரம் திரைக்கு வெளியே, முட்டையும் சர்க்கரையும் தேங்காய்ப்பாலும் சேர்ந்த வட்டிலப்பம் நீண்டது. மருமகனுக்கென்று மாமி தன் கையால் செய்தது. தொப்பைக்காகச் சொன்ன பொய்க்குக் கிடைத்த வெகுமதி நேரே தொப்பைக்கே போனது. தலையைக் குனிந்துகொண்டு தின்றேன். மிச்சம் வைக்கவில்லை.

ஒருநாள் விடிய முப்பதாவது தரத்தில் இருந்தபோது திரைக்கு அந்தப் பக்கம் மாமியின் குரல் கேட்டது. துஆக் கேட்டுக்கொண்டிருந்தார். “யா அல்லாஹ், எண்ட மருமகன்ட காலுக்குப் பெலத்தக் குடு.” தன் முழங்கால் வீங்கிக் கிடக்க, அவர் என் காலுக்காக இறைஞ்சுகிறார். என் காது சுட்டது. உள்ளே போய் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். நினைத்தபடியே முப்பத்தொன்று, முப்பத்திரண்டு என்று எண்ணி நாற்பதையும் முடித்தேன். இதுதான் என் ஒழுங்கு.

அந்த வாரத்தில் கம்பு மட்டம் தப்பியது. கந்தோரிலிருந்து கொண்டுவந்த ரசமட்டத்தை வைத்துப் பார்த்தேன். இடது முனை சற்றே இறங்கியிருந்தது. மரத்தில் தேங்காய் எண்ணெய் வாசம். நடுப்பகுதி பளபளத்தது. முழங்கால் ஏலாத நாலடி பத்து அங்குல மனுசி பிடித்து நடந்தால் இப்படித் தேயாது. ஆனால் அதைக் கேட்டால் வேறு கேள்விகள் வரும். திருகாணியை முறுக்கினேன். மறுநாளும் இறங்கியது. மறுநாளும் முறுக்கினேன்.

ஹஜ்ஜுப் பெருநாளுக்குப் பத்து நாள் இருந்தது. வழமைபோல் சுபஹு முடிந்து கம்படியில் நின்றேன். தேங்காய் திருவும் சத்தம் கேட்டது. இருபத்தாறாவது தரத்தில், சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும்போதே, ஹாஜறா மண்டபத்தில் நின்றாள். குசினியில் திருவிக்கொண்டிருந்தது என் மூத்த மகள். கையைக் கம்பிலிருந்து எடுக்கவும் எனக்குத் தோன்றவில்லை.

“மாமிட கம்பு உறுதியா எண்டு பாக்கிறன்” என்றேன்.

“பாருங்க. பெருநாளைக்குச் சொவருக்கு வெள்ளை அடிக்கோணும். இண்டைக்குக் கழட்டிருங்க.”

“கழட்டுறதோ? மாமிட முழங்கால்?”

“உம்மா நேத்து சாய்ந்தமருதுக்கு நடந்து போய் நடந்தே வந்திட்டா.”

“திரும்பவும் வரும். முழங்கால் வருத்தம் நம்பேலாது.”

“அப்ப கம்பு ஆருக்கு?”

“மாமிக்கு” என்றேன். ஓடாவியிடம் சொன்னேன், மரைக்காரிடம் மறுக்கவில்லை, இது மூன்றாவது தரம். இந்த முறை குரலும் நடுங்கியது.

ஹாஜறா முந்தானைக்குள்ளிருந்து பிரவுண் உறை போட்ட புத்தகத்தை எடுத்தாள். மேசையின் விளிம்புக்குச் சமாந்தரமாக, ஒரு நூல் பிசகாமல் வைத்தாள்.

“ஒங்கட அட்டவணை மூணாம் பாகம். இதப் பாத்துத்தான் ஒவ்வொரு நாளும் பத்து மணிக்கு உம்மாவப் பழக்கின. மூணு பக்கத்து ஊட்டுப் பொம்புளயளும் வாறாங்க. உம்மா இருபத்திரெண்டாம் பக்கம் முடிச்சிட்டா. நீங்க ஒண்டரை மாசமாப் பதினாறாம் பக்கத்தில நிக்கிறீங்க.”

எனக்கு வேறொரு கவலை வந்தது. “படமெல்லாம் மாமி பாத்தாவா?”

“பாத்தா. பாவம், அந்தப் புள்ளைக்கு உடுக்க ஒண்டுமில்ல போல எண்டா.”

அவள் விடவில்லை.

“ரெண்டாவது தேங்காய் என்னத்துக்குத் திருவின எண்டு நினைச்சீங்க? மனுசன் நாப்பதயும் முடிக்கட்டுமே எண்டுதான். கறி தின்ன ஆளில்லாமயா திருவின? இப்ப கழட்டுங்க. இல்லாட்டி கம்பு ஆருக்கெண்டு வாயால சொல்லுங்க.”

அவள் சொல்வது சரி. கம்பு எனக்கு என்று இரண்டு சொல் சொன்னால் போதும். ஊர் கேட்கப்போவதில்லை. மாமி மட்டும் கேட்டுவிடக்கூடாது. பன்னிரண்டு வருடத்தில் அந்தத் திரைக்குப் பின்னால் எனக்கிருந்த ஒரே மரியாதை, பிழை விடாத மனிதன் என்பதுதான். குரலைத் தாழ்த்திக்கொண்டு, மாமிக்கு மட்டும் தெரியவேண்டாம் என்று அவளிடம் கெஞ்சினேன்.

திரை மெல்ல அசைந்தது. திரை மறைத்தது அவரைத்தான், என்னையல்ல என்பது அந்த நிமிடம்தான் என் புத்திக்கு எட்டியது. பூப்போட்ட துணி மெல்லியது. மண்டபத்தில் விளக்கு எரிய, பின்பாதி இருட்டாக இருக்கும். ஒன்றரை மாதமாக நான் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றதும் அந்தப் பக்கம்தான்.

“கழட்ட வேணாம் புள்ள” என்றது மாமியின் குரல். “மருமகனுக்குச் சொல்லு, குதி ரெண்டும் இன்னும் சேரல்ல எண்டு.”

குனிந்து பார்த்தேன். அரை அங்குலம் இருந்தது.