கழுகுக்கண் ஏலத்தில் எடுத்த சைக்கிள்

இனி ஆயுசுக்கும் சைக்கிள்தான் என்று சர்வேயர் சபதம் எடுத்தது மூன்றாம் மாடிப் படிக்கட்டில்.

குடியிருப்பில் லிஃப்ட் படுத்துவிட்டது. நான்காம் மாடி வீட்டுக்கு ஏறிக்கொண்டிருந்தவர், மூன்றாம் மாடித் திருப்பத்தில் நின்று சட்டைப் பையையும் கால்சட்டைப் பையையும் மாறி மாறித் துழாவினார். சாவியைத் தேடுகிறாராம். மேலே கதவை விரியத் திறந்து வைத்துக்கொண்டு அவர் மனைவி நின்றிருந்தாள்.

"என்னங்க, செத்த உக்காந்துட்டு வாங்களேன்."

"எதுக்கு உக்காரணும்? சாவியக் காணோம், தேடறேன்."

"அது உங்க கைல இருக்கு."

கையில்தான் இருந்தது. கைப்பிடிக் கம்பியோடு சேர்த்து அதையும் இறுக்கிப் பிடித்திருந்தார். அவருக்கு மூச்சு வாங்கியது. திறந்திருக்கும் கதவுக்குச் சாவி எதற்கு என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவர் ரோஷத்தில் மீதிப் படிகளை ஓடியே ஏறியிருப்பார். அப்படிப்பட்ட மனிதர்.

சர்வேயர் என்றால் நிலம் அளப்பவர் அல்ல. மோதிய கார், நசுங்கிய வேன், குட்டிச்சுவரில் ஏறிய ஸ்கூட்டர் இவற்றையெல்லாம் பார்த்து, தேறுமா தேறாதா என்று இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுதிக் கொடுப்பவர். பெயின்ட்டைத் தடவிப் பார்த்தே வண்டியின் ஜாதகத்தைச் சொல்லிவிடுவேன் என்பார். தேறாத வண்டிக்கு அவர் எழுதும் இரண்டு வார்த்தை, டோட்டல் லாஸ். வீட்டிலும் அதே தீர்ப்புதான். தீய்ந்த தோசைக்கல், ஓடாத கடிகாரம், மைத்துனனின் புத்தி, எல்லாம் டோட்டல் லாஸ்.

சோபாவில் சாய்ந்து, தண்ணீர் குடித்து, மூச்சு ஒரு நிலைக்கு வந்ததும் அறிவித்தார்.

"இனிமே ஆபீசுக்கு சைக்கிள்தான்."

அவள் முகம் மலர்ந்துவிட்டது. "நம்ம சைக்கிள்தான் கீழ ஸ்டோர் ரூம்ல சும்மா கெடக்கே!"

"எது, அந்தக் கறுப்பா? அது டோட்டல் லாஸ். எப்பவோ சொல்லியாச்சு."

"எப்பங்க போய்ப் பாத்தீங்க?"

"பாக்க வேற வேணுமா? மேல கோணி போட்டு மூடியிருக்கற லட்சணமே சொல்லுது."

"அப்ப வித்துடவா?"

"வித்துக்கோ. எவன் வாங்குவான்? கண்ணு சரியில்லாதவன் எவனாவது வந்தாத்தான் உண்டு."

"அந்த மாதிரி ஆளுங்க எனக்கு நிறையப் பேரைத் தெரியும்" என்றாள் அவள். கண்ணாடிக் கடையில் வேலை அவளுக்கு. நாள் முழுக்க எழுத்துப் பலகையைக் காட்டி, 'கடைசி வரி தெரியுதா' என்று கேட்கிற வேலை.

அன்றே சர்வேயர் ஆன்லைன் ஏலத் தளத்தில் கணக்குத் தொடங்கினார். பெயர் வைக்கச் சொன்னது தளம். மீசையைத் தடவிக்கொண்டு 'கழுகுக்கண்' என்று வைத்தார். அதை மனைவியிடம் மூன்று தடவை சொன்னார். மூன்றாவது தடவை அவள் சட்னியைத் தாளித்துக்கொண்டே, "பொருத்தமா இருக்குங்க" என்றாள்.

அதன் பிறகு வீட்டில் பாடம் நடந்தது.

"ஆன்லைன் ஏலம்னா என்னன்னு நெனச்சே? கொஞ்சம் அசந்தா தலையில கட்டிருவான். மொதல்ல விக்கறவன் யாரு, இதுக்கு முன்ன என்ன வித்தான், வாங்கினவங்க என்ன சொல்றாங்கன்னு பாக்கணும். அடியில இருக்கற ஃபிரேம் நம்பரைக் கேட்டு வாங்கி, திருட்டு வண்டியான்னு பாக்கணும். பணத்தை தளத்து வழியாத்தான் குடுக்கணும். 'தனியா என் கணக்குல போடுங்க'ன்னு எவனாவது சொன்னா, ஒரே கும்பிடு, ஓடி வந்துரணும். வண்டிய பட்டப்பகல்ல, நாலு பேர் நடமாடற எடத்துல, ஓட்டிப் பாத்துத்தான் எடுக்கணும்."

"எடுத்துட்டு?"

"எடுத்துட்டு என்ன? ஓட்டணும்."

"அதையும் பாடத்துல சேத்துக்கோங்க" என்றாள் அவள்.

சர்வேயர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வாரக்கணக்கில் பார்த்தார். ஒரு சைக்கிளுக்கு முன்பக்கப் படம் மட்டும் இருந்தது; பின்பக்கம் என்னவோ ஆகியிருக்கிறது, வேண்டாம். இன்னொன்றின் படம் கம்பெனி விளம்பரத்திலிருந்து எடுத்தது, ஆசாமி ஃபிராடு. இன்னொருவன் பாதிப் பணத்தை முன்னாலேயே, அதுவும் தளத்துக்கு வெளியே கேட்டான். அவனைப் பற்றி இரண்டு நாள் பேசினார். அவருடைய கண்ணுக்கு எல்லாம் ஓட்டை, எல்லாம் ஒடிசல். லிஃப்ட் சரியாகிவிட்டது. சபதம் மெல்ல ஆறிக்கொண்டிருந்தது. அவள் தினமும் அவர் வரும் நேரத்துக்குக் கதவருகே நின்று, அவர் மூச்சு எப்படி வருகிறது என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் வந்தது நீல நிற சைக்கிள்.

விற்பவர் பெயர் 'தெளிவு'. முன், பின், பக்கம், அடி என்று ஒன்று விடாமல் படம். ஒவ்வொரு குறையும் ஒளிக்காமல் எழுதியிருந்தது. சர்வேயர் துள்ளி எழுந்தார்.

"இங்க வாம்மா! இதப் படி. 'சீட் புதுசு. டயர் புதுசு. பெயின்ட் புதுசு. மற்றதெல்லாம் பழசு, ஆனால் கெட்டி. மணியின் மூடியில் ஒரு நெளிவு உண்டு. ஓட்டியவர் பேச்சு சுவாரசியத்தில் ஒரு வீட்டுக் கேட்டில் மோதியதால் வந்தது.' எப்படி எழுதியிருக்கு பாரு! என் சர்வீஸ்ல இப்படி ஒரு வாக்குமூலம் பாத்ததில்ல."

"நல்ல மனசு போல."

"மனசு நல்ல மனசுதான். ஆனா இத முன்ன ஓட்டினவன் சரியான மடையன். கேட்டு வந்து இவன்மேல மோதுச்சா? இவன்தானே போய் மோதியிருக்கான்?"

"எனக்கும் அப்படித்தாங்க தோணுது" என்று சொல்லிவிட்டு, அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

விதிப்படி, தெளிவு இதற்கு முன் என்னென்ன விற்றிருக்கிறார் என்று பார்த்தார். ஓடுவதற்கான மெஷின், ஓடாதது போல் புத்தம்புதுசு. கித்தார், கம்பியில் விரல் படாதது. தூண்டில், மீன் வாடையே அறியாதது. ஓவியப் பெட்டி, மஞ்சள் மட்டும் கொஞ்சம் குறைவு. வாங்கியவர்கள் அத்தனை பேரும் 'சொன்னது சொன்னபடி' என்று எழுதியிருந்தார்கள்.

சர்வேயர் வாய்விட்டுச் சிரித்தார். "என்ன வீடுடா இது! எல்லாத்தையும் ஆரம்பிச்சுட்டு எதையும் முடிக்காத ஆசாமி ஒருத்தன் அந்த வீட்டுல இருக்கான். அவனக் கட்டிக்கிட்டவ பாவம்."

"பாவந்தாங்க."

"எப்படித்தான் குடும்பம் நடத்தறாளோ."

"பழகிடும்" என்றாள் அவள்.

கேள்விகள் பறந்தன. ஃபிரேம் நம்பர் கேட்டார், படத்தோடு வந்தது. திருட்டுப் பட்டியலில் இல்லை. வாங்கிய பில் உண்டா என்று கேட்டார். அதுவும் வந்தது, பெயர் இருந்த இடத்தில் மட்டும் விரலை வைத்து மறைத்து. 'பாதுகாப்புக்காக' என்று கீழே ஒரு வரி. சர்வேயர் உருகிப்போனார். "பாத்தியா? பேரை ஆன்லைன்ல போடக்கூடாதுன்னு தெரிஞ்சிருக்கு. விவரமான ஆளு. இவங்ககிட்ட நீ நாலு விஷயம் கத்துக்கணும்."

ஞாயிற்றுக்கிழமை மாலை ஏலம் முடிகிற நேரம். சர்வேயரோடு மல்லுக்கு நின்றது 'மின்னல்' என்று ஒரு பேர்வழி. இவர் ஒரு படி ஏறினால் மின்னல் ஒரு படி ஏறியது. ஆனால் இந்தப் படியில் சர்வேயருக்கு மூச்சு வாங்கவில்லை. சோபாவில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். கல்யாணமான புதுசில் இருந்த பளபளப்பு கண்ணில் வந்திருந்தது.

"எது வரைக்கும் போவீங்க?" என்று கேட்டாள் மனைவி.

"உஷ்! அத யாருக்கும் சொல்லக் கூடாது. விக்கறவங்க காதுக்குப் போச்சுன்னா தொலைஞ்சேன்."

"என்கிட்டகூடவா?"

"நீ வேற, விக்கறவங்க வேற. காதக் கொண்டா." காதோடு காதாகச் சொன்னார். அவள் புருவம் உயர்ந்தது.

"அவ்வளவா? அந்த சைக்கிளுக்கா?"

"சைக்கிளுக்கு இல்லம்மா." குரல் இறங்கியது. "அன்னிக்கு மூணாம் மாடியில நெஜமாவே பயந்துட்டேன். உன்கிட்ட சொல்லல. இதையாவது விடாம ஓட்டணும்னு இருக்கேன்."

அந்த நிமிஷம் எல்லாவற்றையும் கொட்டிவிட வாயைத் திறந்தாள். அதற்குள், "கழுகுக்கண்ணா கொக்கா! மின்னல் அணைஞ்சுது!" என்று சோபா மேலேயே எழுந்து நின்று குதித்தார் சர்வேயர். இந்த உற்சாகத்தைக் கெடுப்பதற்கு அவளுக்கு மனம் வரவில்லை. இந்த விலையை விடவும்தான்.

ஒப்படைக்கும் இடம் போலீஸ் ஸ்டேஷன் வாசல் என்று சர்வேயர் நிபந்தனை போட்டார். தெளிவு சம்மதித்தது. தனியாகப் போகக் கூடாது என்பதும் விதி, மனைவியைக் கூப்பிட்டார்.

"எனக்கு ஒரு சின்ன வேலை இருக்கு. நேரா அங்க வந்துடறேன்" என்றாள்.

சொன்னபடி வந்தாள். நீல நிற சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

சர்வேயர் ஓடினார். "ஐயையோ, என்ன காரியம் பண்ணிட்ட? நான் வர்றதுக்குள்ள ஏன் வாங்கின? விக்கறவங்க எங்க? பணம் குடுத்துட்டியா?"

"குடுக்கலீங்க. இனிமேதான் வரணும்."

"பணம் வாங்காம வண்டியக் குடுத்துட்டுப் போயிட்டாங்களா? அவ்வளவு நம்பிக்கையா?"

"போகலீங்க. நின்னுகிட்டுத்தான் இருக்காங்க."

சர்வேயர் வலது பக்கம் பார்த்தார். இடது பக்கம் பார்த்தார். காவலுக்கு நின்ற கான்ஸ்டபிளைச் சந்தேகத்தோடு பார்த்தார். கான்ஸ்டபிளும் அவரை அப்படியே பார்த்தார்.

"எங்கம்மா?"

அவள் மணியை அடித்தாள். கிணிங் என்று தொடங்கி, நடுவில் தொண்டை கட்டியதுபோல் 'கிர்ர்' என்று முடிந்தது. அந்தச் சத்தம்! அவருக்குப் பின்னால் கேரியரில் அவள் உட்கார்ந்திருக்க, அவள் சொன்ன எதற்கோ சிரித்துத் திரும்பி, மாமனார் வீட்டு கேட்டில் நேராகக் கொண்டுபோய்ச் சொருகிய அன்றிலிருந்து அந்த மணி அப்படித்தான் அழுகிறது.

சர்வேயர் திருதிருவென்று விழித்தார். மணியைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். "கறுப்பு..." என்றார்.

"கறுப்புதான். கோணிய எடுத்துப் பாத்தேன், கெட்டியா இருந்துச்சு. சைக்கிள் கடையில விட்டு நீலம் அடிச்சேன்."

"அந்த கித்தார்?"

"உங்களதுதான்."

"தூண்டில்?"

"உங்களதுதான். ஓவியப் பெட்டியும். மஞ்சள்ல நீங்க ஒரே ஒரு சூரியன் போட்டீங்க, ஞாபகம் இருக்கா?"

"அப்ப அந்த மடையன்..."

"அத நான் சொல்லலீங்க. நீங்களே சொன்னீங்க."

கான்ஸ்டபிள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது.

"ஏம்மா, மொதல்லயே சொல்லக் கூடாதா?"

"நெஜமா விக்கத்தான் போட்டேன். வந்த மொத கேள்வியே கழுகுக்கண் கேட்டது. அன்னிக்கே சொல்லியிருந்தா என்ன சொல்வீங்க? டோட்டல் லாஸ்னு சொல்லிட்டு சோபாவுல சாய்ஞ்சிருப்பீங்க. வீட்டுல சும்மா கெடந்தப்ப திரும்பிப் பாக்கல. இன்னொருத்தன் கேக்கறான்னதும் எழுந்து நின்னு குதிச்சீங்க. அந்தக் குதிய நான் பாத்து எத்தன நாளாச்சு!"

சர்வேயருக்கு அசடு வழிந்தது. ஆனாலும் தொழில் விடுமா? குனிந்து அடியைப் பார்த்தார், சக்கரத்தைச் சுற்றிவிட்டார், ஃபிரேமைத் தட்டினார். ஒரு குறையும் கிடைக்கவில்லை. ஏறி, வாசலை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். இறங்கும்போது வாயெல்லாம் பல்.

"சரி, வா, வீட்டுக்குப் போலாம்."

"பணம்?"

"எந்தப் பணம்? வீட்டுக்காரன்கிட்டயா பணம் கேக்கற?"

"ஏலம் கேட்டுட்டுக் குடுக்கலன்னா தளத்துல பேரு கெட்டுடும்னு நீங்கதானே பாடம் நடத்தினீங்க? அதோ, போலீசும் பக்கத்துலயே இருக்காரு."

பணம் தளத்து வழியாகவே போனது. போன வேகத்தில் அடுத்த வாரம் அவளுக்கு ஒரு சிவப்பு சைக்கிளாகத் திரும்பி வந்தது. காதோடு காதாகச் சொன்ன தொகை வரை மின்னல் ஏற்றிவிட்டிருந்ததால், அதற்குக் கூடையும் விளக்கும்கூடச் சேர்ந்து வந்தன.

இப்போது காலையில் இரண்டு சைக்கிளும் சேர்ந்தே கிளம்புகின்றன. முதல் சிக்னல் வரை அவர் முன்னால் போவார். பிறகு மணி 'கிர்ர்' என்று அழும். 'மெதுவாப் போம்மா' என்று அர்த்தம். அவளும் மெதுவாகவே போவாள். வாரங்கள் கடந்தன. அவர் இன்னும் விடவில்லை. லிஃப்ட் மறுபடியும் படுத்துவிட்ட ஒரு மாலையில், மூன்றாம் மாடித் திருப்பத்தில் சர்வேயர் சாவியைத் தேடாமல், பேசிக்கொண்டே ஏறிப் போனார். பின்னால் ஏறிய அவள் அதைப் பார்த்துவிட்டு, கம்பியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் சந்தோஷமாக நின்றாள்.

"என்னம்மா, சாவியத் தேடறியா?" என்று மேலேயிருந்து கேட்டார் சர்வேயர்.

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு முன் தளத்திலிருந்து அவருக்கு ஒரு தகவல் வந்தது. விற்றவர் அவரைப் பற்றி எழுதியிருக்கிறார். ஆவலாகத் திறந்தார். ஐந்துக்கு ஐந்து நட்சத்திரம். பணம் ஒழுங்காகக் கொடுத்தாரா? 'கொடுத்தார்.' மரியாதையாகப் பழகினாரா? 'பழகினார்.' சர்வேயர் மீசையைத் தடவிக்கொண்டே கடைசிக் கேள்விக்கு வந்தார். இவரோடு மறுபடியும் வியாபாரம் வைத்துக்கொள்வீர்களா?

'வேற வழி?' என்று எழுதியிருந்தது.