தாய்மாமன் மீசையைத் தின்ற பிரிண்டர்

காது குத்த ஆசாரி வராவிட்டால்கூட எங்கள் பக்கத்தில் எப்படியாவது சமாளித்துவிடுவார்கள். வாசலில் தாய்மாமன் படம் இல்லையென்றால் காதுகுத்தே கிடையாது.

என் மகளுக்குக் காதுகுத்து வைத்த நாள் பெரிய முகூர்த்த நாள். சிம்மக்கல் ஃப்ளெக்ஸ் கடைக்காரர் "அடுத்த வாரம் வாங்கக்கா" என்று கையை விரித்துவிட்டார். நானா அசருவேன்? கம்ப்யூட்டர் சென்டரில் டிசைன் சொல்லிக்கொடுக்கிறவள். பெரிய படத்தை மென்பொருளே துண்டு துண்டாகப் பிரித்து ஏ-ஃபோர் தாள்களில் அச்சடித்துத் தரும். சேர்த்து ஒட்டினால் பேனர்.

"வேணாம், இது உங்க அண்ணன் விசயம்" என்றார் கணவர். (மச்சான் என்றால் மனுஷனுக்கு அம்புட்டு பயம்.) பயத்துக்குக் காரணம் இருந்தது. திருவாதவூரில் அண்ணன் மீசையைத் தடவாமல் யாருக்கும் வணக்கம்கூடச் சொல்ல மாட்டார்.

தாள்களின் ஓரங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி வரும்படி அச்சடிக்கவா என்று மென்பொருள் கேட்டது. தாள் வீணாகுமே என்று நான் டிக் போடவில்லை. பிரிண்டரோ எந்தத் தாளிலும் விளிம்புவரை அச்சடிக்காது, சுற்றிலும் வெள்ளையாக விட்டுவிடும். அந்த இடத்துப் படம் போனது போனதுதான். வெள்ளையை வெட்டி, ஒட்டி, ஆனையூர் மண்டப வாசலில் நிமிர்த்தினேன். குத்துவிளக்கு, பூ, மகள் எல்லாம் கச்சிதம். அண்ணனுக்கு மட்டும் மூக்குக்குக் கீழே நேராக உதடு. மீசை இரண்டு தாள்களுக்கு நடுவில் காணாமல் போயிருந்தது.

நான் அதைப் பார்ப்பதற்குள் சீர்த்தட்டும் மேளமுமாக அண்ணனே வந்துவிட்டார். பேனரைப் பார்த்து நின்றார். மேளமும் நின்றது.

"ஏத்தா, என் மீசைய எங்க?"

"பிரிண்டர் தின்னுருச்சுண்ணே."

"மாப்ள வீட்டாளுக முன்னாடி இப்பிடி நிப்பாட்டிட்டியே! ஏய், வண்டியத் திருப்புங்கடா!"

மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்துவது; அண்ணன் போய்விட்டால் என் பிள்ளை யார் மடியில் உட்காரும்? பயத்தை வெளியே காட்டினேனா? மகளின் கண்மை டப்பாவோடு ஸ்டூலில் ஏறி, எல்லோரும் பார்க்க, காதுக்குக் காது ஒரு மீசை இழுத்தேன். முனையை முறுக்கியும் விட்டேன்.

"இப்பச் சொல்லுண்ணே. ஒன்னோடது நல்லாருக்கா, நான் போட்டது நல்லாருக்கா?"

அண்ணன் பேனரைப் பார்த்தார். கை தானாக மீசைக்குப் போனது.

"நீ போட்டதுதாந்த்தா" என்று உள்ளே நடந்தார்.

அன்று முதல் அதே அளவுக்கு வளர்த்து வைத்திருக்கிறார். சாம்பார் முதலில் மீசைக்கு, மிச்சம்தான் வாய்க்கு. "அன்னைக்கு அந்த டிக்கைப் போட்டுருந்தா, நான் தெனம் இதுக்கு எண்ணெய் போட்டுக்கிட்டு இருப்பேனா?" என்று மதினி இன்றும் எல்லா விசேஷத்திலும் என்னை இழுத்து வைத்து எல்லோரையும் சிரிக்க வைக்கிறார்.

இனியும் போட மாட்டேன் மதினி. படம் தன்னை மாதிரி இல்லை என்றுதானே அண்ணன் அன்று வண்டியைத் திருப்பச் சொன்னார்? இப்போது அண்ணனே படம் மாதிரி இருக்கிறார், வந்து ஒப்பிட்டுப் பாருங்கள்.