மச்சினன் குடுத்துவுட்ட ப்ளேனும் நான் மாட்டுன மூணு பேட்டரியும்

அந்தச் சனிக்கெழமை எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணுதானுங்க. ஒரு பேட்டரி வாங்கோணும். அதை ஒரு பொம்மை ப்ளேனுக்குள்ள மாட்டோணும்.

அவ்வளவுதான். பத்து நிமிச வேலை.

அதும் நான் யாரு? துடியலூர்ல ஒரு பம்ப்செட் கம்பெனியில மோட்டார் டெஸ்டிங் சூப்பர்வைசர். அஞ்சு எச்பி மோட்டாரையே அதட்டி ஓட்டறவன், உள்ளங்கையில அடங்கற மோட்டாருக்கா பயப்படுவேன்?

அந்தத் திமிருதானுங்க எல்லாத்துக்கும் காரணம்.

இது தொண்ணூறுகள்ல நடந்தது. என்ற சம்சாரம் மல்லிகாவோட தம்பி செந்தில், சிங்கப்பூருக்கு வேலைக்குப் போன புதுசு. ஊருக்கு வந்த சிநேகிதர் ஒருத்தர் கையில எனக்கு ஒரு பெரிய அட்டைப்பெட்டி குடுத்து உட்டிருந்தான். தொறந்து பாத்தா, நாலடி நீளத்துக்கு றெக்கை வெச்ச ப்ளேன்! ரிமோட்ல பறக்கறது. பெட்ரோல் வேண்டியதில்லை, பேட்டரியில ஓடும்.

பேட்டரி மட்டும் பெட்டிக்குள்ள இல்லை.

"வாங்கி மாட்டிக்கலாம்"னு பரண் மேல வெச்சேன். வெச்சது வெச்சதுதான்.

செந்தில் மாசம் ஒரு லெட்டர் போடுவான். "மாமா, ப்ளேன் பறக்குதுங்களா?"

ஆசையா அனுப்புனவன்கிட்ட, பரண் மேல பித்தளை அண்டாவுக்குப் பக்கத்துல தூங்குதுன்னு எப்படி எழுதறது? "நல்லாப் பறக்குது மாப்ள"ன்னு எழுதிப்போட்டேன்.

அடுத்த லெட்டர். "எவ்வளவு உசரம் போகுதுங்க?"

"தென்னை மரத்துக்கு மேல போகுது."

பொய்யி ஒரு தடவை ஸ்டார்ட் ஆயிட்டா அதுக்குப் பேட்டரியே வேண்டாமுங்க. ஒரு வருசத்துல அந்த ப்ளேன் கவுண்டம்பாளையம் வரைக்கும் போய்ட்டு வந்துச்சு. மழையில பறந்துச்சு. கடைசியா மருதமலையை ஒரு சுத்து சுத்தி, என்ற காலடியில வந்து பூ மாதிரி எறங்குச்சு.

எல்லாம் ஏர்மெயில்ல மட்டுந்தான்.

அப்பறம் செந்தில் லீவுல வந்தான். கிணத்துக்கடவுல இருக்கற அவங்க தோட்டத்துல இருந்து வெள்ளிக்கெழமை கம்பெனிக்குப் போன் பண்ணினான்.

"மாமா, ஞாயித்துக்கெழமை அக்காவக் கூட்டிட்டு வாங்க. ப்ளேனையும் எடுத்துட்டு வாங்க. அந்த மருதமலை ரவுண்டை நான் கண்ணால பாக்கோணும்!"

போனை வெச்சுப்போட்டு ரெண்டு டம்ளர் தண்ணி குடிச்சேன்.

ஊட்டுக்கு வந்து மல்லிகாகிட்டச் சொன்னா, "எழுதறப்ப என்னையக் கேட்டுட்டா எழுதுனீங்க? இப்ப மட்டும் என்ற மூஞ்சியப் பாத்தா?"ன்னு கேட்டுட்டு, அரிசி பொடைக்கப் போயிட்டா.

சனிக்கெழமை காலையில ப்ளேனை எறக்கித் தூசி தட்டினேன். பெட்டிக்குள்ள ஒரு புஸ்தகம் இருந்துச்சு. பூராவும் ஜப்பான் எழுத்து. நல்லவேளை, படம் போட்டிருந்தான். ஒரு படத்துல, ஒருத்தன் ரெண்டு விரல் நுனியில ப்ளேனோட றெக்கையைத் தாங்கிப் புடிச்சுட்டுச் சிரிச்சுட்டு நின்னான்.

'பாருங்க, எவ்வளவு லேசு'ன்னு வெளம்பரம் போலன்னு நெனச்சுப் புஸ்தகத்தை மூடிட்டேன்.

எழுத்து புரியலைன்னாலும் நம்பர் புரியுமில்லீங்களா? 7.2 வோல்ட்டுன்னு இருந்துச்சு. டார்ச் செல்லு ஒண்ணு ஒண்ணரை வோல்ட்டு. அஞ்சு செல்லு போட்டா ஏழரை. கணக்கு முடிஞ்சுது!

முக்குக் கடைக்குப் போனேன். "அண்ணா, பெரிய செல்லு அஞ்சு குடுங்க."

"கரண்டு போயிருச்சுங்களா?"

"இல்லீங்க. ப்ளேனுக்கு."

கடைக்காரர் என்னைய ஒரு பார்வை பாத்தாரு. செல்லை எடுத்துக் குடுத்துட்டாரு.

செல்லு அஞ்சையும் வரிசையா வெச்சு டேப்பு சுத்தி, வயரை மாட்டினேன். ரிமோட்ல ரெண்டு குச்சி. இடது குச்சியை மேல தள்ளினா மோட்டார் ஓடும், கீழ இழுத்தா நிக்கும். வலது குச்சி வாலை ஆட்டும். வாலுக்குன்னு ப்ளேனுக்குள்ள தனியா நாலு பென்சில் செல்லு; அதையும் ரிமோட்டுக்கு வேண்டியதையும் ஊட்டுல இருந்து எடுத்துப் போட்டேன். வாலு ஜோரா ஆடுச்சு.

இடது குச்சியைத் தள்ளினேன்.

முன்னாடி இருக்கற காத்தாடி, லோ வோல்டேஜ்ல சீலிங் ஃபேன் சுத்துமே, அப்படிச் சுத்துச்சு. ஒரு நிமிசம். அப்பறம் அதுக்கும் சலிச்சுப் போச்சு. செல்லைத் தொட்டா இட்லிக் குண்டா மாதிரி சுடுது!

மல்லிகா எட்டிப் பாத்தா. "ஏனுங்க, காத்து வருதுங்களா?"

அப்பத்தான் எனக்கு உறைச்சுது. வோல்ட்டு இருந்தாப் பத்தாது, ஆம்பியர் வேணும்! டார்ச் செல்லால அவ்வளவு கரண்டைக் குடுக்க முடியாது. இதை நான் கம்பெனியில புதுசா வர்றவங்களுக்கெல்லாம் பாடமே எடுப்பேனுங்க.

ஆம்பியருக்கு எங்க போறது? வாசல்ல என்ற பைக் நின்னுட்டிருந்துச்சு. ஆறு வோல்ட் பேட்டரி. கழட்டிப்போட்டேன்.

ப்ளேன் ஒரு கிலோ. பேட்டரி ரெண்டு கிலோ. வவுத்துக்கடியில சைக்கிள் ட்யூப்பு வெச்சுக் கட்டி மொட்டை மாடியில நிறுத்தினேன். சக்கரம் ரெண்டும், இப்பத்தான் பொறந்த கன்னுக்குட்டிக் காலாட்டம் அகண்டு போச்சு.

ஆனா காத்தாடி சுத்துச்சு பாருங்க! நெம்ப வேகம்! மாடியில இருந்த தூசியெல்லாம் பறந்துச்சு. பக்கத்து ஊட்டுத் துணி பறந்துச்சு.

ப்ளேனைத் தவிர எல்லாம் பறந்துச்சு.

அது உருமிக்கிட்டே மெதுவா நடந்து போய்க் கைப்பிடிச் செவுத்துல முட்டி நின்னுச்சு. தூக்கி மடியில வெச்சு என்னன்னு பாத்தேன். சித்த நேரம் கழிச்சு எந்திரிச்சா, பேட்டரி ஆசிட் ஒழுகி, பேன்ட்டுல முன்னாடி ரெண்டு ஓட்டை. மல்லிகா மாடியேறி வந்து பாத்தா. ஊசியும் நூலும் கொண்டாந்து பக்கத்துல வெச்சுட்டுப் போயிட்டா.

லேசாவும் இருக்கோணும், ஆம்பியரும் குடுக்கோணும். ஊருக்குள்ள அப்படியாப்பட்ட பேட்டரி யாருகிட்ட இருக்கும்?

கல்யாண வீடியோக்காரங்ககிட்ட!

நம்ம வீதியிலயே ராஜுன்னு ஒரு வீடியோகிராபர். கல்யாணம், காதுகுத்து எல்லாத்துக்கும் தோள்ல கேமராவைத் தூக்கிட்டுப் போறவன். நல்ல பையன். ஓடிப் போய்க் கேட்டேன்.

"அண்ணா, என்றகிட்ட ரெண்டே பேட்டரிதானுங்க. நாளைக்கு ஒரு கல்யாணம். காலையில முகூர்த்தத்துக்கு ஒண்ணு போதும். சாயங்காலம் ரிசப்ஷனுக்கு ரெண்டும் வேணும்."

"மூணு மணிக்கெல்லாம் கையில குடுத்துருவேன் ராஜு. சார்ஜ் கொறையாம!"

சார்ஜ் கொறையாம எப்படிக் குடுப்பேன்னு நானும் யோசிக்கலை, அவனும் யோசிக்கலை.

ஞாயித்துக்கெழமை காலையில பஸ்ஸு புடிச்சு கிணத்துக்கடவு போனோம். ப்ளேன் பெட்டிக்கு ஒரு சீட்டு. நான் நின்னுட்டே போனேன்.

தோட்டத்துல செந்தில் வாசலுக்கே ஓடி வந்தான். "வாங்க மாமா! வா அக்கா! எங்கீங்க நம்ம ப்ளேன்?"

"சித்த இரு மாப்ள. ரெடி பண்ணிப்போட்டு வாரேன்."

தேங்கா காயப்போடற சிமெண்ட் களத்துக்குக் கொண்டு போனேன். மூக்குப் பக்கம் பேட்டரி வெக்கற குழி இருக்குது. ராஜுவோட பேட்டரி அதுக்குள்ள நொழையலை. றெக்கைக்குப் பின்னால தாராளமா எடம் இருந்துச்சு. அங்க சொருகி டேப்பு ஒட்டினேன். எங்க வெச்சா என்னங்க, உள்ளதானே இருக்குது?

பேட்டரியில பிளஸ் மைனஸ் எழுத்து தேஞ்சு போயிருந்துச்சு. ஏதோ ஒரு வயரை ஏதோ ஒரு பக்கம் மாட்டினேன். மோட்டார் டெஸ்டிங் சூப்பர்வைசருங்க நானு! டெஸ்ட் மட்டும் பண்ணலை.

செந்தில் கைகட்டி நின்னான். மல்லிகா வேப்ப மர நெழல்ல உக்காந்துட்டா. நான் குச்சியைத் தள்ளினேன்.

ப்ளேன் கெளம்புச்சு. பின்னால!

ரிவர்ஸ் போற லாரியாட்டம் நேரா வந்து, காயப்போட்டிருந்த கொப்பரைக்குள்ள வாலைச் சொருகி நின்னுச்சு.

செந்தில் கேட்டான். "ஏனுங்க மாமா, மருதமலையையும் இப்படித்தான் சுத்துச்சுங்களா?"

"இது... வார்ம்-அப் மாப்ள."

வயரை மாத்தி மாட்டினேன். மறுபடியும் தள்ளினேன்.

இந்தத் தடவை முன்னால பாஞ்சுது. பத்தடி ஓடுச்சு. மூக்கைத் தூக்குச்சு. பறந்துருச்சுங்க! நெசமாலுமே பறந்துருச்சு! ஒரு வருசமா நான் எழுதுனதெல்லாம் பலிச்ச மாதிரி நெஞ்சு விம்மிப் போச்சு.

ரெண்டே செகண்டு.

மூக்கைத் தூக்குனது, தூக்கிக்கிட்டே போச்சு. வாலு கனத்துல ப்ளேன் செங்குத்தா எந்திரிச்சு ராக்கெட்டாட்டம் மேல ஏறுச்சு. வலது குச்சியை நான் எந்தப் பக்கம் ஆட்டினேன்னு எனக்கே தெரியலை. தலைகுப்புறத் திரும்பி, களத்து ஓரமா நின்ன தென்னை மரத்து உச்சியில போய் மட்டைக்கு நடுவுல சொருகிக்கிச்சு.

ரிமோட்டைக் கீழ போட்டுட்டுத் தலையில கைய வெச்சேன். ப்ளேனை உடுங்க. உள்ள ராஜுவோட பேட்டரி!

செந்தில் பக்கத்துத் தோப்புல தேங்கா போட்டுட்டிருந்த ரங்கசாமியண்ணனைக் கூட்டிட்டு வந்தான். அவரு இடுப்புல அருவாளைச் சொருகிட்டு மரத்தடிக்கு வந்தவரு, அண்ணாந்து பாத்துட்டு அப்படியே நின்னுட்டாரு.

"நான் ஏறலைங்க. மேல குளவிக்கூடு இருக்குது. சத்தம் கேக்கலீங்களா?"

கேட்டுச்சு. 'ஙொய்ய்ய்'ன்னு.

அப்பத்தான் நெனப்பு வந்துச்சு. மோட்டாரை நான் நிறுத்தவே இல்லை. காத்தாடி ஒடிஞ்சு உழுந்துருச்சு. மோட்டார் மட்டும் மேல தனியா ஓடிட்டிருக்குது! கீழ கெடந்த ரிமோட்டை எடுத்துக் குச்சியை இழுத்தேன். சத்தம் நின்னுச்சு.

ரங்கசாமியண்ணன் என்னையப் பாத்தாரு, மரத்தைப் பாத்தாரு. "ஏனுங்க சாமி, குளவியை ரிமோட்டுலயா நிறுத்துனீங்க?"

வெவரஞ் சொன்ன பொறகுதான் ஏறினாரு. கவுத்துல கட்டிப் பதனமா எறக்கிக் குடுத்தாரு. ஒரு சக்கரத்தைக் காணோம், றெக்கையில ஒரு கிழிசல். மத்தபடி பொழச்சுக்கிச்சு.

செந்தில் ப்ளேனைத் திருப்பிப் பாத்தான். டேப்பைப் பிரிச்சான். வீடியோ பேட்டரியை வெளிய எடுத்து மேலயும் கீழயும் பாத்தான். ஊட்டுக்குள்ள போயிட்டான்.

திரும்பி வரும்போது அவன் கையில, பிஸ்கட் பாக்கெட் அளவுல ஒரு பேட்டரி.

"மாமா, இதுதானுங்க இந்த ப்ளேனோட பேட்டரி. கொண்டாந்தவரு பெட்டி கனமா இருக்குதுன்னாரு. அதனால இதை மட்டும் நான் எடுத்து வெச்சுக்கிட்டேன்."

நான் மெதுவா இழுத்தேன். "அப்ப... ஒரு வருசமா..."

"ஒரு வருசமாத் தெரியுமுங்க. இந்தப் பேட்டரி நம்ம ஊருல எங்கயும் கெடைக்காதே. பறக்குதான்னு வெளையாட்டுக்குத்தான் கேட்டேன், உங்க மொதல் பதிலுக்கே இதைச் சொல்லலாம்னுதான் இருந்தேன். ஆனா பேட்டரியே இல்லாம தென்னை மரத்துக்கு மேல போகுதுன்னு நீங்க எழுதுனீங்களா, அடுத்தது எங்க போகுதுன்னு பாக்க ஆசையாப் போச்சு."

மல்லிகா சேலைத் தலைப்பால வாயைப் பொத்திட்டுக் குலுங்கறா.

நான் தலையக் குனிஞ்சு நின்னேன். "தப்புத்தான் மாப்ள."

"அட, உடுங்க மாமா. ஒரே ரூம்புல எட்டுப் பேரு இருக்கறோம். மொத வருசம், யாருக்கும் சிரிப்பே வராதுங்க. உங்க லெட்டர் வந்தா நான் சத்தமாப் படிப்பேன். மருதமலை லெட்டரை மூணு தடவை படிக்கச் சொன்னாங்க."

இதைச் சொல்லும்போது அவன் என்ற மூஞ்சியப் பாக்கலை. பேட்டரியைத் தொடைச்சுட்டே நின்னான். நானும் வேற எங்கயோ பாத்தேன்.

அப்பறம் அவனே மாட்டினான். அவன் கொண்டாந்த பேட்டரி குழிக்குள்ள கச்சிதமா உக்காந்துச்சு. பெட்டியில இருந்த இன்னொரு காத்தாடியை மாட்டினான். கிழிசலுக்கு டேப்பு ஒட்டினான். கடைசியா றெக்கைக்கு அடியில ரெண்டு விரலை வெச்சு ப்ளேனைத் தாங்கினான். முன்னாலயும் சாயலை, பின்னாலயும் சாயலை. தராசு முள்ளு மாதிரி நின்னுச்சு.

"பேட்டரியை எங்க வெக்கறதுன்னு இப்படித்தான் மாமா பாக்கோணும். புஸ்தகத்துலயே படம் போட்டிருக்குதே?"

"பாத்தேன் மாப்ள. நெம்ப லேசுன்னு நெனச்சுக்கிட்டேன்."

கையாலயே வீசி உட்டான். தென்னந்தோப்புக்கு மேல ரெண்டு சுத்து சுத்துச்சு. எல்லாரும் வாயப் பொளந்துட்டு அண்ணாந்து நின்னோம். ரங்கசாமியண்ணன் மட்டும் ஒரு மரத்துமேல கைய வெச்சுட்டு நின்னாரு, எதுக்கும் இருக்கட்டும்னு.

எனக்குத்தான் ரசிக்க நேரமில்லை. மூணு மணிக்கு ராஜு கையில பேட்டரி இருக்கோணும். மல்லிகாவத் தோட்டத்துலயே உட்டுப்போட்டு, சாப்பிடாமக்கூட பஸ் ஏறி ஓடினேன்.

ராஜு வாங்கி கேமராவுல மாட்டிப் பாத்தான். சார்ஜ் சுத்தமா இல்லை.

"அண்ணா... என்னங்க பண்ணுனீங்க இதை?"

"தென்னை மரத்துல வெச்சிருந்தேன் ராஜு."

அவன் என்னையத் திட்டலை. திட்டியிருந்தாத் தேவலைங்க. எந்திரிச்சுப் போய் சார்ஜுல போட்டான். ஆறு மணி வரைக்கும் ஏறுனது பாதிதான். அதோடவே ரிசப்ஷனுக்குப் போயிட்டான்.

மொத பேட்டரி தீந்து, இந்த அரைப் பேட்டரி சரியாப் பந்தி ஆரம்பிச்ச நேரத்துல உசுர உட்டிருக்குது. அதே நேரத்துல, பாயசம் பத்தலைன்னு மாப்ள ஊட்டுக்காரங்களும் பொண்ணு ஊட்டுக்காரங்களும் எலையை மடிச்சுப்போட்டுச் சண்டைக்கு நின்னிருக்கறாங்க. ஒரு சித்தப்பா வேட்டிய மடிச்சுக் கட்டிட்டு நாற்காலி மேலயே ஏறிட்டாராமா. அதுல ஒரு நொடிகூடக் கேசட்டுல இல்லை.

கேசட்டைப் போட்டுப் பாத்துட்டு ரெண்டு ஊட்டுக்காரங்களும் உருகிட்டாங்க. "சண்டைன்னதும் கேமராவை நிறுத்திப்போட்டாரு பாரு, எவ்வளவு பண்பான மனுசன்!" அந்த ரெண்டு குடும்பத்துலயும் அதுக்கப்பறம் நடந்த கல்யாணம் பூராவும் ராஜுதான்.

இருந்தும் அந்தப் பண்பான மனுசன், அன்னையில இருந்து எனக்கு ஒரு லென்ஸ் மூடியக்கூட எரவல் குடுத்ததில்லைங்க.