மாவுக்கட்டுப் போட்டவன் மகள் கையால் சாப்பிடலாமா?

இந்தியானா,
சோளம் அறுக்கிற வாரம், செவ்வாய்க்கிழமை

ஆண்டவருக்குள் பிரியமான அண்ணன் சாலமன் அவர்களுக்கு, தம்பி எனோஸ் கிரேபர் பணிவோடு எழுதிக்கொள்வது. கர்த்தருடைய கிருபையால் இங்கே என் இரண்டு கைகளைத் தவிர மற்ற எல்லாரும் சுகம். அங்கே அண்ணியும் பிள்ளைகளும் உங்கள் சபையாரும் அப்படியே சுகமாயிருக்க வேண்டிக்கொள்கிறோம். மழை இல்லை. சோளம் பரவாயில்லை. கையெழுத்து என் வீட்டுக்காரி வெர்னாவுடையது, வார்த்தை என்னுடையது. (பெரும்பாலும். — வெர்னா)

நடந்தது இதுதான். பரணில் நின்று காய்ந்த புல்லை ஓட்டை வழியாகக் கீழே மாடுகளுக்குத் தள்ளிக்கொண்டிருந்தேன். அப்பா காலத்து ஓட்டை, அது எங்கே இருக்கிறதென்று எனக்குத் தெரியாதா என்ற நினைப்பில் திரும்பிப் பார்க்காமல் பின்னால் நடந்தேன். புல்லுக்குப் பதிலாக நான் போய்ச் சேர்ந்தேன். மாடுகள் ஒதுங்கிக்கொண்டன, அந்த மட்டில் அவற்றுக்கு நன்றி. இரண்டு கையையும் ஊன்றி விழுந்ததில் இரண்டு மணிக்கட்டும் போயிற்று. ஆஸ்பத்திரியில் முழங்கையிலிருந்து விரல் நுனிவரை மாவுக்கட்டுப் போட்ட டாக்டர், என் தாடியைப் பார்த்துவிட்டு, ஆமிஷ்காரர்கள் எல்லாரும் பரணிலிருந்து இப்படித்தான் இறங்குவீர்களா என்று கேட்டார்.

வீடு திரும்பினால் பால் கறந்தாகிவிட்டது. கறந்தவன் பக்கத்துப் பண்ணை டுவேன். நம் ஆமிஷ் சபையைச் சேராத, நாம் இங்கிலீஷ்காரன் என்கிற வெளியாள், எந்தக் கோயில் படியும் ஏறாதவன், ஞாயிற்றுக்கிழமை காலையில் மோட்டார் படகைக் கழுவுகிறவன். யார் சொல்லி வந்தாய் என்று கேட்டேன். “மாடு கத்துச்சு, வந்தேன்” என்றான். எந்த வசனத்தின்படி என்று கேட்க நாக்கு வரை வந்தது, விழுங்கிவிட்டேன். பிறகு நம் சபையாரும் முறைவைத்து வந்து கறந்தார்கள், அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் முறை போட ஒரு கூட்டம் கூட வேண்டியிருந்தது. மடி கனத்த மாடு கூட்டம் முடியும்வரை காத்திருக்காது.

செய்தி எப்படியோ என் மகள் ரோசன்னாவுக்கு எட்டிவிட்டது. (நான்தான் போன் செய்தேன். — வெர்னா) அவள் ஞானஸ்நானம் வாங்கி, சபைக்கு வாக்குக் கொடுத்த பிறகு நர்ஸ் படிக்கப் போனதும், சபை அவளை விலக்கி வைத்ததும், அன்றைக்கு மற்றவர்களோடு சேர்ந்து நானும் சம்மதம் சொன்னதும் உங்களுக்குத் தெரியும். விலக்கி வைத்தவளோடு பேசலாம், வீட்டில் தங்க வைக்கலாம். ஒரே மேஜையில் சாப்பிடக் கூடாது. அவள் கையிலிருந்து எதையும் வாங்கக் கூடாது. அவள் மேஜையில் வைத்தால் நாம் எடுத்துக்கொள்ளலாம். மூப்பரான உங்களுக்கே இதை எழுதுவது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதைதான். ஆனாலும் எழுதிவைத்தால்தான் நான் எங்கே மாட்டிக்கொண்டேன் என்று எனக்கே விளங்குகிறது.

அவள் வந்த அன்று வெர்னா எப்போதும்போல இரண்டு மேஜைகளைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டு, நடுவே சின்னதாக ஒரு சந்து விட்டு, இரண்டின்மேலும் ஒரே விரிப்பை விரித்தாள். மேலே பார்த்தால் ஒரு மேஜை, கீழே பார்த்தால் இரண்டு. மேலே பார்ப்பவள் தாய், கீழே பார்ப்பவர் டீக்கன். சபை ஒழுங்கைக் கண்காணிக்கிற நம் டீக்கன் ஓரி வேக்லர் சும்மா இந்தப் பக்கம் வந்ததாகச் சொல்லிக்கொண்டு வந்து சேர்ந்தார். சும்மா வருகிறவர் குனிந்து பார்ப்பானேன்? சந்து போதாது என்றார். வேதத்தில் எத்தனை அங்குலம் போட்டிருக்கிறது என்று வெர்னா கேட்டாள். ஒரு ஆள் நடந்து போகிற அகலமாவது வேண்டும் என்றார். யார் நடக்கப் போகிறார்கள், நீங்களா என்றாள் இவள். அவர் கோபத்தை அடக்கிக்கொண்டு உட்கார்ந்து, சூடான காபியை விரிப்பின்மேல் வைத்தார், சரியாகச் சந்துக்கு மேலே. விரிப்பு உள்வாங்கி, காபி கோப்பையோடு அவர் மடியில் இறங்கியது. ரோசன்னா ஓடிப்போய்க் குளிர்ந்த தண்ணீரில் துணியை நனைத்து வந்து நீட்டினாள். மனுஷன் துடித்துக்கொண்டே மேஜையைக் காட்டினார். அவள் மேஜையில் வைத்தாள். அவர் எடுத்துத் தொடையில் வைத்துக்கொண்டார். நான் சிரித்துவிட்டேன், அண்ணா. சிரித்திருக்கக் கூடாது.

மறுநாள் வெர்னா, பெண்கள் கூடிப் போர்வை தைக்கிற நாள் என்று சொல்லிக் கிளம்பிப் போய்விட்டாள். அப்படி ஒரு தையலே அன்றைக்கு இல்லை என்று பிறகுதான் தெரிந்தது. (பசித்தால் வழி தெரியும் என்று நினைத்தேன். டுவேன் வீட்டுக் கொல்லையில் உட்கார்ந்திருந்தேன். அது தப்பு என்று இப்போது படுகிறது. — வெர்னா) வீட்டில் நானும் ரோசன்னாவும் மட்டும். அவள் கோழிக்குழம்பில் நூடுல்ஸ் போட்டு, மேலே உருளைக்கிழங்கு மசியல் வைத்து, தட்டை என் முன்னால் வைத்தாள். ஜெபம் செய்தேன். ஜெபத்துக்குக் கை இல்லாமல் சமாளிக்கலாம், நூடுல்ஸுக்கு முடியாது. கையிலிருந்து வாங்கக் கூடாது என்றுதானே இருக்கிறது, வாய் தட்டுக்குப் போவதைப் பற்றி ஒன்றும் இல்லையே என்று குனிந்தேன். பாதி தாடிக்குப் போயிற்று. மூக்கில் மசியல். அடுப்படியில் படுத்திருந்த நாய் எழுந்து வந்து, தன் இனம்தானா என்று பார்த்துவிட்டுப் போனது. ரோசன்னா சிரிக்கவில்லை. ஸ்பூனில் எடுத்து, ஊதி ஆற்றி, என் வாயருகே நீட்டினாள். வாசனை அவள் அம்மா சமையலைவிட ஒரு படி மேலே. (எழுதிவிட்டேன். — வெர்னா) என் வாய் திறக்கத்தான் போனது. அதற்குள் டீக்கன் முகம் ஞாபகம் வந்துவிட்டது. ஆண்டவர் முகம் அல்ல, டீக்கன் முகம். தலையைத் திருப்பிக்கொண்டு, “டேபிள்ல வை” என்றேன்.

ஸ்பூனை வைத்தாள். “வெச்சிட்டேன்ப்பா. எடுத்துக்கோங்க” என்றாள்.

அதில் கோபம் இருந்திருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். கோபமே இல்லை. ஈரத்துணியால் என் தாடியைத் துடைத்தாள். துடைப்பதைப் பற்றி விதி ஏதாவது உண்டா என்று நான் யோசித்து முடிப்பதற்குள் துடைத்து முடித்துவிட்டாள். “ஆஸ்பத்திரியில முன்னபின்ன தெரியாதவங்களுக்கெல்லாம் ஊட்டுறேன். ஒருத்தரும் மூஞ்சியத் திருப்புனதில்லப்பா” என்றாள். அம்மா வந்ததும் கிளம்பிவிட்டாள். நமக்குக் கெட்ட பெயர் வரக் கூடாதென்று காரைச் சோளக்கிடங்குக்குப் பின்னால் மறைத்து நிறுத்தியிருந்தாள். அது போகிற சத்தம் கேட்டபோது தட்டு இன்னும் என் முன்னால் ஆறிக்கிடந்தது.

அன்றிலிருந்து வெர்னா எனக்கு ஊட்டுகிறாள், பேசுவதில்லை. ஒரே ஒரு முறை பேசினாள். ஓய்வுநாளில்கூடக் குழியில் விழுந்த மாட்டைத் தூக்கிவிடலாம் என்கிற வேதம், ஓட்டையில் விழுந்த மனுஷனுக்கு ஒரு வாய் ஊட்டவா வேண்டாம் என்கிறது என்று கேட்டாள். அது மாட்டுக்குச் சொன்னது, நான் மாடு இல்லை என்றேன். “அது எனக்கு இப்பத்தான் தெரியுது” என்றாள்.

அண்ணா, எனக்குத் தாங்க முடியாத வருத்தமாக இருக்கிறது. என் மனசை நான் என்றைக்கும் நம்பியதில்லை. மாட்டுச் சந்தையில் அது எப்படியெல்லாம் வளையும் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் எழுதியிருப்பதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன், அது என்னைப் பல தடவை காப்பாற்றியும் இருக்கிறது. ஆனால் அன்றைக்கு மனசு நியாயமாகத்தான் வாயைத் திற என்றது. நான்தான் எழுத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். மாடு கத்தியது டுவேனுக்குக் கேட்டது. என் பிள்ளை கத்தவில்லை, அதனால் எனக்குக் கேட்கவில்லை.

இங்குள்ள மூப்பரைக் கேட்டால் டீக்கனைத்தான் அனுப்பிவைப்பார். ஆகவே உங்களைக் கேட்கிறேன். கை இரண்டும் உதவாதவனுக்கு இதில் விதிவிலக்கு உண்டு என்று ஒரு வசனம், சின்ன வசனமாக இருந்தாலும் போதும், தேடி அனுப்புங்கள். கிடைத்தவுடன் அவளைக் கூப்பிடுவேன். கட்டைப் பிரிப்பதற்குள் வந்து சேர வேண்டும். கை சரியாகிவிட்டால் வசனத்துக்கு வேலையில்லை, எனக்கு அவளைக் கூப்பிட முகமும் இருக்காது.

அண்ணிக்கு எங்கள் அன்பு. பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம். உங்கள் ஜெபத்தில் எங்களை நினைத்துக்கொள்ளுங்கள், குறிப்பாக என் மணிக்கட்டுகளை.

உங்கள் கீழ்ப்படிதலுள்ள தம்பி,
எனோஸ்

பி.கு.: வசனம் தேட வேண்டாம், அண்ணா. வெர்னா உறை தேடப் போன நேரத்தில் நான் பாதை முனையிலுள்ள டெலிபோன் கூண்டுக்குப் போய்விட்டேன். ரிசீவரைத் தாடையால் தள்ளி, எண்களை மூக்கால் அழுத்தினேன். முதலில் யாரோ ஒரு தீவனக் கடைக்காரர் கிடைத்தார். யாரென்று தெரியும் முன்பே அவரிடம் மன்னிப்புக் கேட்டு முடித்துவிட்டேன், அவரும் பரவாயில்லை என்றார். அடுத்த முறை ரோசன்னா. எடுத்ததும், “சாப்பிட்டீங்களாப்பா?” என்றாள். வீட்டுக்கு வா என்றேன். லீவு கிடைக்க நாளாகும் என்றாள். “அதுக்குள்ள கட்டப் பிரிச்சிடுவாங்களேப்பா. கை சரியானப்புறம் நான் எதுக்கு?” என்றாள். “கை இருந்தாத்தானேம்மா உங்கிட்ட வாங்க முடியும்” என்றேன். “டேபிள்ல வெக்கணுமா?” என்று கேட்டாள். “கையில குடு” என்றேன்.

இதற்கு என்ன வரும் என்று தெரியும். என்னையும் விலக்கி வைப்பார்கள். விலக்கி வைத்த இரண்டு பேர் ஒரே மேஜையில் சேர்ந்து சாப்பிடக் கூடாதென்று எங்கேயும் எழுதியிருக்கவில்லை. தேடிப் பார்த்துவிட்டேன்.

(அப்போது நான் எந்த மேஜையில் உட்காருவேன் என்று இவர் கேட்கவில்லை, பெரியத்தான். நீங்களும் கேட்க வேண்டாம். — வெர்னா)