உள்ளங்கையளவு தொழிற்சாலை

சாவோ பாவ்லோ நகரத்துக்கே சட்டை தைத்துப் போடும் என் அருமை மருமகன் லிம்பெர்ட்டுக்கு, மலையுச்சி நகரமான எல் ஆல்தோவிலிருந்து எவாரிஸ்தோ மாமன் எழுதிக்கொண்டது. இங்கு எல்லோரும் நலம். இந்த உயரத்தில் இதற்கு மேலும் நலமாக இருந்தால் வானத்தில் தலை இடிக்கும்.

போன ஆண்டு அலசித்தாஸ் என்னும் குட்டிப் பொம்மைச் சந்தைக்கு உன் அத்தை நிகோலாசா என்னை அனுப்பினாள். "எனக்கு ஒரு குட்டி வேலை ஒப்பந்தம் வாங்கி, உச்சிப்பொழுதுல சாம்பிராணி காட்டிட்டு வாய்யா. வருசத்துக்குள்ள நெசமா வந்துரும்" என்றாள். கேட்பதுதான் கேட்கிறோம், தபால்தலை அளவு காகிதத்தையா கேட்பது? புகைபோக்கி வைத்த உள்ளங்கையளவு பொம்மைத் தொழிற்சாலையையே வாங்கிப் பூத்தூவி, செல்வம் தரும் எக்கேக்கோ சாமி வாயில் சிகரெட்டும் வைத்துவிட்டு வந்தேன்.

வந்ததப்பா தொழிற்சாலை! நம் தெருமுனையில், இல்லிமானி மலையே அண்ணாந்து பார்க்கிற உயரத்தில், கீன்வா தானியம் சுத்தம் செய்யும் ஆலை. நாடு வளர்ந்துவிட்டது என்று வானொலி தொண்டை கிழியக் கத்தியது. நானும் வாசலில் நாற்காலி போட்டு அந்த வளர்ச்சிக்காகக் காத்திருந்தேன். அது லாரி லாரியாகப் புழுதி கிளப்பிக்கொண்டு என்னைத் தாண்டிப் போனது. ஆலைக்குள் முழுக்க இயந்திரம். மனிதப் பிறவி ஒரே ஒரு காவலாளி, அவனும் பாதி நேரம் உறக்கம். நம் வீட்டில் அதே தண்ணிச் சூப்பு.

"தொழிற்சாலை வாங்குன பெரிய மனுசா, உள்ள ஆள் வாங்குனியா?" என்றாள் அத்தை. தெருவே சிரித்தது.

இந்த ஆண்டு அவளே போய்த் தெருப் பெண்கள் அத்தனை பேருக்கும் குட்டி ஒப்பந்தம் வாங்கினாள். வாங்கியதோடு விட்டாளா? மறுநாளே எல்லோரையும் கூட்டிக்கொண்டு ஆலை மேலாளர் முன் நின்றாள். "சாக்கு எங்கிருந்தோ வருது, பாதி கிழிஞ்சு கீன்வா ரோட்டுல கொட்டுது. புறாதான் கொழுக்குது சாமி. அந்தக் காலிக் கொட்டகையைக் குடுங்க, நாங்க தைக்கிறோம்."

"யோசிக்கிறேம்மா."

"நிதானமா யோசிங்க. நாங்க உக்காந்திருக்கோம்."

பாவாடையை விரித்து வாசலில் உட்கார்ந்தார்கள் பார், லாரி என்ன, எறும்புகூட வெளியே போகவில்லை. பொழுது சாய்வதற்குள் மனிதர் யோசித்து முடித்துவிட்டார்.

இப்போது சூப்பில் கறி நீந்துகிறது. ரொட்டிக் கடைக்காரன் இரண்டாவது அடுப்பு மூட்டி இரண்டு ஆள் சேர்த்திருக்கிறான். பக்கத்து வீட்டுப் பெண் மறுபடி பள்ளிக்கூடம் போகிறாள். ஒரே ஒரு கவலை. பெரிய ஆர்டர் வந்த நேரம் பார்த்துக் கொட்டகையிலுள்ள பழைய தையல் மெஷின்கள் காசநோய்க்காரன் மாதிரி இருமுகின்றன. உன்னைப்போல் சரிசெய்யத் தெரிந்தவன் வராவிட்டால் ஆர்டர் போகும், கொட்டகையும் போகும். நீ அங்கே கண்ணைக் கெடுத்துக்கொண்டது போதும், உடனே புறப்பட்டு வா.

பூமித்தாய் பச்சமாமா உன் வழியெல்லாம் சமதரையாக விரிக்கட்டும்.

இப்படிக்கு,
உன் மாமன் எவாரிஸ்தோ சோக்கே

பி.கு.: உறையை ஒட்டும்போது அத்தை எட்டிப் பார்த்து, "லிம்பெர்ட்டுக்கா எழுதுற? அவன்கிட்ட நான் அப்பவே போன்ல பேசிட்டேன். நாளைக்குக் காலையில பஸ்ல வந்து எறங்குறான்" என்கிறாள். ஆகவே இதை அனுப்பப் போவதில்லை. பேருந்து நிலையத்தில் நானே நின்று உரக்கப் படிப்பேன். கேட்டு முடித்த பிறகுதான் நீ பெட்டியை இறக்கலாம்.