முடிக்கத் தெரியாதவர்களின் சங்கீதம்

டேட்டன், ஒஹாயோ
1973 பிப்ரவரி, திங்கட்கிழமை

கர்த்தருக்குள் அன்பான ஒடெஸ்ஸா அக்காவுக்கு, தம்பி ஹோரஸ் டில்லர்ட் எழுதிக்கொள்வது.

அவர் கிருபையால் இங்கே நானும் ஜெனிவாவும் சுகம். என் இடது மணிக்கட்டு மட்டும் சுகமில்லை, அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன். மேக்கனில் நீயும் உன் முழங்காலும் எப்படி இருக்கிறீர்கள்? நீ அனுப்பிய பெக்கான் பருப்பு வந்து சேர்ந்தது. பாதி ஜெனிவாவின் அடுப்புக்குப் போயிற்று, மீதியை உன் மகன் டெல்பர்ட் உட்கார்ந்த இடத்திலேயே தின்று தீர்த்தான். அவனும் சுகம்தான். அவன் சுகமாக இருப்பதுதான் இந்த வீட்டில் இப்போது பிரச்சினை.

சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். அவனை உடனே ஊருக்குக் கூப்பிட்டுக்கொள். அடுத்த வாரம் எங்கள் மவுண்ட் நீபோ சபையில் கூட்டம். இருபது வருஷத்துக்கு மேல் நான் வாசித்துவரும் ஆர்கனைத் தூக்கிச் சாப்பாட்டுக்கூடத்து மூலையில் போட்டுவிட்டு, அந்த இடத்தில் டிரம்ஸ் வைப்பதா என்று அதில் முடிவு செய்யப்போகிறார்கள். டிரம்ஸ் கூட்டத்துக்குத் தலைவன் உன் மகன். பாடகர் குழுவையும் அவனிடமே கொடுக்க பாஸ்டருக்கு ஆசை. அப்புறம் எனக்கு என்ன மிச்சம்? காணிக்கைத் தட்டைத் துடைக்கிற வேலைதான்.

நீ அவனை எதற்கு அனுப்பினாய்? வேலைக்கு. குளிர்பெட்டித் தொழிற்சாலையில் வேலை வாங்கிக் கொடுத்தேன். பகலெல்லாம் குளிர்பெட்டிக்குக் கதவு மாட்டுகிறான், அதில் குறை சொல்ல மாட்டேன். சாயங்காலம் வந்ததும் என் வீட்டு நிலவறைக்குள் இறங்குகிறான், பின்னாலேயே இன்னும் ஐந்து தடியன்கள். ஒவ்வொருத்தன் தலைமுடியும் நிலையில் இடிக்கிறது. ஒருத்தன் தலையில் சீப்பு அப்படியே செருகிக் கிடந்தது, பாவம் எடுக்க மறந்துவிட்டான் என்று சொல்லப் போனேன், "அது ஸ்டைல் சார்" என்றான். உன் மகனிடம் ஒரு பேஸ் கிட்டார். அதில் நாலு கம்பி, மூன்று கம்பிக்கு நிரந்தர விடுமுறை. மிச்சமுள்ள ஒன்றை அவன் மீட்டுவதில்லை அக்கா, கட்டைவிரலால் அறைகிறான். அரை மணி நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு நானே இறங்கிப்போய்க் கேட்டேன்.

"டேய், இந்தப் பாட்டு எப்படா மாறும்?"

"மாறாது மாமா."

"சரி, எப்ப முடியும்?"

"அதுவும் தெரியாது மாமா. அது பாட்டுக்குப் போய்க்கிட்டே இருக்கும். நாங்க களைச்சா நிறுத்துவோம்."

"அப்ப இதுல என்னதான் இருக்கு?"

"ஒண்ணு இருக்கு மாமா. ஒண்ணு ரெண்டு மூணு நாலுன்னு எண்ணுறோம்ல, அந்த ஒண்ணு. எல்லாரும் அதுல சேர்ந்து விழுந்துட்டாப் போதும், மத்த மூணுல அவனவன் இஷ்டத்துக்குப் போகலாம்."

கேட்டாயா? நாம் ரெண்டிலும் நாலிலும் கை தட்டி வளர்ந்தவர்கள். ஒண்ணில் கை தட்டுகிறவனை நம் சபையில் எப்படிப் பார்ப்பார்கள் என்று உனக்கே தெரியும். வழி தப்பி வந்த வெள்ளைக்காரன் போலிருக்கிறது என்று இரக்கப்பட்டு, பின்வரிசையில் இடம் கொடுத்துத் தண்ணீர் கொடுப்பார்கள். இவன் அந்த ஒண்ணைப் புதையல் மாதிரித் தோண்டி எடுத்து வைத்துக்கொண்டு எனக்குப் பாடம் நடத்துகிறான்.

இதற்குப் பெயர் ஃபங்க். நாம் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது அது குளிக்காதவன் மேல் அடிக்கிற நாற்றம். சாப்பாட்டு மேசையில் அந்த வார்த்தையைச் சொன்னதற்கு அப்பா என் வாயில் சோப்பைத் திணித்தார். இப்போது அதைச் சட்டையில் அச்சடித்துப் போட்டுக்கொள்கிறார்கள். இதில் இது எங்கே பிறந்தது என்று ஊரில் பெரிய தகராறு வேறு. முடிவெட்டுகிற டாலிவர், நம் ஜார்ஜியாவில்தான் பிறந்தது என்று என் தொண்டையில் கத்தியை வைத்துக்கொண்டு சொன்னார், நானும் ஆமாம் என்றுவிட்டேன். அடுத்த நாற்காலிக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை, நியூ ஆர்லியன்ஸ் சவ ஊர்வலத்தில் திரும்பி வரும்போது அடிக்கிற முரசில் பிறந்ததாம். டெல்பர்ட்டின் டிரம்ஸ்காரன் ஆப்பிரிக்கா என்கிறான், அவன் இதுவரை பக்கத்து ஊர் சின்சினாட்டியைத் தாண்டினதில்லை. நான் ஆராய்ந்து கண்டது இதுதான்: எவனோ ஒரு கிட்டார்காரனுக்கு ஒரே ஒரு சுரக்கூட்டுக்கு மேல் வாசிக்க வரவில்லை. அதைச் சொல்ல வெட்கப்பட்டு, இதுதான் புதுப் பாணி என்றான். மற்ற முட்டாள்கள் நம்பிவிட்டார்கள்.

நம்பினது மட்டுமா, ஊரே பைத்தியமாகிவிட்டது. மேற்குப் பக்கத்தில் இன்று துணி காயப்போட ஒரு நிலவறை காலியில்லை, எல்லாவற்றிலும் ஒரு கோஷ்டி. பள்ளிக்கூட அணிவகுப்பு வாத்தியக்குழு இப்போது நடப்பதில்லை, இடுப்பை ஆட்டிக்கொண்டு நகர்கிறது. என் பல் டாக்டர் ரேடியோவோடு சேர்ந்து காலைத் தட்டிக்கொண்டே கடவாய்ப்பல்லைக் குடைந்தார், இன்னமும் அந்தப் பக்கம் மெல்ல முடியவில்லை. இவ்வளவும் போகட்டும். நேற்றைக்கு முன்தினம் அடுப்படியில் ஜெனிவா காலர்ட் கீரை நறுக்குகிற சத்தம் கேட்டது. ஒண்ணில் ஓங்கி ஒரு வெட்டு, அப்புறம் பொடிப்பொடியாக. "நீயுமா?" என்றேன். "கீரை சீக்கிரமா முடியுதுங்க" என்றாள்.

இனி மணிக்கட்டு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் சண்டை போடலாம் என்று நிலவறைப் படியில் கோபமாக இறங்கினேன். படியில் ஒரு ஷூ கிடந்தது. ஷூ என்று மரியாதைக்குச் சொல்கிறேன், அடிக்கட்டையின் உயரத்தைப் பார்த்தால் அது வெள்ளி வர்ணம் அடித்த முக்காலி. அதைப் போடுவது ஆம்பளை, உன் பிள்ளை. காலை வைத்தேன், மிச்சப் படிகளை உட்கார்ந்தபடியே இறங்கினேன். ஒரு படி விடாமல் இடித்து, தரையில் போய்க் கையை ஊன்றினால் மணிக்கட்டு பிசகிவிட்டது. எல்லாரும் ஓடி வந்தார்கள். அந்த டிரம்ஸ்காரன் மட்டும் இடத்தைவிட்டு எழாமல், "சார், அந்தக் கடைசி நாலு அடி எப்படி வந்துச்சு, மறுபடி ஒருதரம் சொல்லுங்க" என்று கேட்கிறான். இவனுக்கெல்லாம் ஒரு தாய் இருப்பாளா இல்லையா?

நேற்று ஞாயிற்றுக்கிழமை பாடகர் குழுவின் ஆண்டு விழா, எனக்கோ கையில் கட்டு. வேறு வழியில்லாமல், "இருக்கிறதை இருக்கிறபடி வாசி, உன் சரக்கை உள்ளே கொண்டுவராதே" என்று சொல்லி டெல்பர்ட்டையும் கிட்டார்காரனையும் டிரம்ஸ்காரனையும் உட்கார வைத்தேன். என் குழுவுக்கு நான் ஒரு சட்டம் போட்டிருக்கிறேன். வாசலிலிருந்து அசைந்து அசைந்து பவனி வருவார்கள், ஆர்கனில் என் கடைசி முழக்கம் விழும்வரை ஒருத்தரும் நிற்கக் கூடாது, உட்காரவும் கூடாது. வந்தார்கள். முதல் சரணம் உன் மகன் பூனைக்குட்டி மாதிரி வாசித்தான். இரண்டாவது சரணத்தில் அந்தக் கட்டைவிரல் நுழைந்தது. குழு மேடைக்கு வந்தாயிற்று, முடிவு வரவில்லை. முடிவு எங்கிருந்து வரும்? அந்தப் பாட்டில் முடிவு என்று ஒன்று இருந்தால்தானே. ஆகவே குழு மேடையைக் கடந்து, பக்கத்துக் கதவு வழியாக வெளியேறி, சமையலறைக்குள் புகுந்து, பின்வாசல் வழியாகப் பனியில் இறங்கி, அங்கியை இழுத்துப் பிடித்துக்கொண்டு கட்டடத்தைச் சுற்றி மறுபடி முன்வாசலில் வந்து நின்றது. நின்றதா? எங்கே நின்றது, அடுத்த சுற்றுக்குப் போயிற்று. அந்தச் சுற்றில் கோழி பொரித்துக்கொண்டிருந்த பெண்களும் கரண்டியோடு சேர்ந்துகொண்டார்கள். அதற்கடுத்த சுற்றில் எதிர்ச்சாரிக்காரர்கள் வந்தார்கள். அவர்கள் நம் சபையே இல்லை, மெதடிஸ்டுகள்.

எனக்குத் தாங்கவில்லை. எழுந்து நின்று, "ஆண்டவரே, போதும்" என்று கத்தினேன். சபை என்ன நினைத்தது தெரியுமா? "ஆமென், சொல்லுங்க பிரதர்" என்று இன்னும் பலமாகத் தட்டியது. நிறுத்தச் சொல்லி நல்ல கையைத் தூக்கி ஆட்டினேன். அவ்வளவுதான், என்மேல் ஆவியானவர் இறங்கிவிட்டார் என்று வாசல் ஊழியக்காரிகள் பாய்ந்து வந்தார்கள். தலைமை ஊழியக்காரி சிஸ்டர் மின்னி க்ரம்ப், வெள்ளைக் கையுறை, சிரிப்பே அறியாத முகம், என் மூக்குக்கண்ணாடியைப் பிடுங்கிப் பத்திரப்படுத்தினாள். ஒருத்தி விசிறினாள், ஒருத்தி இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். "எனக்கு ஒண்ணும் ஆகல, விடுங்க" என்று உதறினேன். உதற உதற அவர்கள், "விட்டுக்கொடுங்க பிரதர், தடுக்காதீங்க, வரட்டும்" என்றார்கள். கடைசியில் சபையின் ஃப்யூஸ் போய்த்தான் எல்லாம் நின்றது. கர்த்தர் என் பக்கம் நிற்கிறார் என்று அந்த ஒரு நொடி நம்பினேன்.

உடனே பாஸ்டர் ஹோல்கம் கண்ணீரோடு வந்து என்னைக் கட்டிக்கொண்டார். "பிரதர் டில்லர்ட், இத்தனை வருஷத்துல உங்களை நான் இப்படிப் பார்த்ததே இல்ல. உங்களையே எழுப்பிட்டான்னா அந்தப் பையன்கிட்ட அபிஷேகம் இருக்கு. நீங்க ஓய்வெடுங்க, இனிமே அவன் பார்த்துக்கட்டும்." பாட்டைக் கெடுத்தவனுக்கு என் இடம், அதற்குச் சாட்சி நானே. வீட்டுக்கு வந்து ஜெனிவாவிடம் பொருமினால், "உங்க கால் தட்டிக்கிட்டுத்தானே இருந்துச்சு" என்கிறாள். குளிர் அக்கா, குளிரில் கால் நடுங்கியது.

மனசுவிட்டுச் சொல்கிறேன், எனக்குப் பயமாக இருக்கிறது. வாரம் முழுவதும் நான் தபால் நிலையத்தில் ஊர்வாரியாகக் கடிதம் பிரிக்கிறவன். ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள்தான் நான் ஹோரஸ் டில்லர்ட். அதனால் முழங்கால் மோசம் என்று எழுதி அவனைக் கூப்பிட்டுக்கொள். தாய் கூப்பிட்டால் வந்துவிடுவான், அந்த விஷயத்தில் பையன் நல்லவன்.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. சபையார் அனைவருக்கும் எங்கள் ஸ்தோத்திரம். ஜெனிவா முத்தம் அனுப்புகிறாள்.

இப்படிக்கு,
உன் பிரியமுள்ள தம்பி,
ஹோரஸ்

பி.கு. இன்று வியாழக்கிழமை. செவ்வாய்க்கிழமை முழுவதும் பனி கொட்டியதில் தபால்பெட்டி வரை போக முடியவில்லை, கையில் கட்டோடு வேலைக்கும் போகவில்லை. அதற்குள் பாஸ்டருக்கு அவசரம், கூட்டத்தை நேற்றே வைத்துவிட்டார், ஆர்கனைத் தூக்க ஆட்களையும் வரச் சொல்லியிருந்தார். டெல்பர்ட்டை எழுந்து நிற்கச் சொல்லிச் சம்மதம் கேட்டார். உன் மகன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "பாஸ்டர், அன்னைக்கு அத்தனை பேரும் பனியில சுத்தினது எங்க வாசிப்பால இல்ல. மாமா பழக்கின கூட்டம், அதான் சுத்துச்சு. வேற சபையா இருந்தா முதல் சுத்துலயே குழம்பி உக்காந்திருக்கும். எங்களுக்கு ஆரம்பிக்கத்தான் தெரியும், முடிக்கத் தெரியாது. ஃப்யூஸ் போகலன்னா இன்னும் சுத்திக்கிட்டு இருந்திருப்போம். மாமா ஆர்கன்ல இல்லன்னா நான் வாசிக்க மாட்டேன்." சபை மொத்தமும் திரும்பி என்னைப் பார்த்தது. என் மூக்குக்கண்ணாடியை இந்தத் தடவை நானே கழற்றித் துடைக்க வேண்டியதாயிற்று.

ஆர்கன் இருந்த இடத்திலேயே இருக்கிறது. அவர்கள் ஆரம்பிப்பார்கள், நான் முடித்துவைப்பேன், அதுதான் ஏற்பாடு. இன்று சாயங்காலம் முதல் ஒத்திகை. வலது கையைக் கட்டைகள்மேல் வைத்துக்கொண்டு முடிக்க இடம் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். இதைச் சங்கீதம் என்று நான் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் முடிக்கத் தோதான இடம் வரும்போதெல்லாம், அடுத்த சுற்றில் முடித்துக்கொள்ளலாமே என்று தோன்றிக்கொண்டிருந்தது. கதவைப் பூட்ட வந்த சிஸ்டர் க்ரம்ப் கையில் சாவியோடு ரொம்ப நேரம் நின்றுவிட்டு, "பிரதர் டில்லர்ட், உங்களை முடிக்கத்தானே வச்சிருக்கு?" என்றாள். "ஒரே ஒரு சுத்து, சிஸ்டர்" என்றேன். அவள் உட்கார்ந்துவிட்டாள்.

மேலே எழுதியதைக் கிழிக்க மனசு வரவில்லை, கையெழுத்து நன்றாக அமைந்துவிட்டது. ஆனால் டெல்பர்ட்டைக் கூப்பிட்டுவிடாதே அக்கா. கூப்பிட்டாலும் நான் அனுப்பப்போவதில்லை.